வளையல் சுழலாத ஒன்பதாம் மாதம்

நெதர்லாந்தில் ஏழு மாத வயிற்றோடு டிராமில் ஏறினால் எழுந்து இடம் தருவார்கள்; வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். தலைப்பிரசவத்துக்கு வண்ணார்பேட்டை அம்மா வீட்டில் வந்து இறங்கிய அன்றே, ஆட்டோக்கார அண்ணாச்சி, "ஏழா எட்டா? வயிறு இறங்கிக் கெடக்கே, பைய நடம்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கே வருடத்தில் ஊர் மறந்துபோயிருக்கிறது பாருங்கள்.

அங்கே மாதாமாதம் என்னைப் பரிசோதித்த மருத்துவச்சி மரைக்கே, கடைசி மூன்று மாதம் எப்படி இருக்கும் என்று சொல்லித்தான் அனுப்பினாள். இடுப்பு வலிக்கும், நெஞ்சு கரிக்கும், தூக்கம் வராது, அதற்கெல்லாம் பயப்படாதே. விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, முகமும் கையும் திடீரென வீங்குவது, குழந்தை அசைவு குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே கூப்பிடு. "யாரைக் கூப்பிடுவாய்?" என்று கேட்டாள். "அம்மாவை" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியை" என்றாள். தாய்வீடு என்றால் என்னவென்றே தெரியாத ஜென்மம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே விமானம் ஏறினேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் தலை வலித்தது. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் சுழலாமல் சதையில் பதிந்தன. சித்தி பார்த்துவிட்டு, "பிள்ளைத்தாச்சிக்கு கை காலு வீங்கத்தான் செய்யும். நீரு போட்டா சுகப்பிரசவம்தாம்ட்டீ" என்றாள். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாள். அங்கே என்றால் தும்மலுக்கே போன் செய்திருப்பேன். இங்கே வாயைத் திறக்கக் கூச்சம். 'ஃபாரின்ல இருந்து வந்தவ என்னமா அலட்டுதா' என்று யாராவது சொல்லிவிட்டால்? அந்தப் பாழாய்ப்போன கூச்சத்தில் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இதைப் படிக்கும் பிள்ளைத்தாச்சிகளே, அந்தக் கூச்சத்தைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

நான்காம் நாள் காலை, தட்டில் இருந்த இட்லி இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண்ணுக்குள் பொறி பறந்தது. "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றேன். அம்மா செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிட்டாள்.

ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். "மூணு நாளா தலைவலியா? வீட்டுல பெரிய ஆளுக இருந்துமா இப்படி விட்டுட்டீய?" உடனே பிள்ளையை எடுக்காவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டர். மருந்து ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. வளையல்களை எடுக்கச் சொன்னார்கள். சோப்புக்கும் நகரவில்லை. பிள்ளை பிறக்குமுன் அவற்றைக் கழற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். "ஐயையோ, தொடாதீய!" என்று சித்தி அலறினாள். அம்மாவோ என் கையைப் பற்றி, ஒவ்வொரு வளையலாகத் தன் விரலாலேயே அழுத்தி நொறுக்கினாள். விரலெல்லாம் ரத்தம். என் அம்மாவா இது? நான் அழக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். குழந்தை பிழைத்துவிட்டது. மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வைத்துப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கையகலத்துக்குக் கிடந்தது. விமானச் சீட்டு கிடைக்காத கணவர் போன் திரையில் தேம்பிக்கொண்டிருந்தார்.

"நீ அங்கனயே இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதோட்டீ?" என்றாள் அம்மா.

"அப்படில்லாம் இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை, நானும்தான்.

ஒரு கையால் போனைப் பெட்டிக்கு நேரே காட்டினேன். மறு கையால் அம்மாவின் கட்டுப்போட்ட விரல்களைப் பிடித்துக்கொண்டேன். "உள்ளே கைவிட்டுப் பிள்ளையைத் தொட்டுப் பாருங்க" என்றார் நர்ஸ். தொட எனக்குக் கை மிச்சமில்லை.