ராக்காயி கொடுத்த ஒற்றை இலை

ராக்காயியைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருப்பதால் அவள் மேல் எனக்குப் பிரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து வருஷமாக அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் தோட்டத்தில் புல்லு வெட்டுகிறவள். நான் கிராணியின் மனைவி. யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று பெயர் எழுதுகிறவர் என் வீட்டுக்காரர். அவர் பேனாவைக் கீழே வைத்தால் ராக்காயிக்கு அன்றைய சம்பளம் இல்லை. அப்படிப்பட்டவளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் சிரிப்பு வரும்தான். சிரிக்கிறவர்கள் அவள் வீட்டு வாசலைப் பார்க்காதவர்கள்.

1924-இல் கல்யாணமாகி நான் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். கோப்பெங்கிலிருந்து நாலு மைல் உள்ளே போக வேண்டும். அப்பாவுக்கு ஈப்போவில் ஜவுளிக்கடை. சைக்கிள் மணியும் ரிக்ஷாக்காரன் கூச்சலும் கேட்டு வளர்ந்தவளுக்கு, இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை வரிசையாக ரப்பர் மரம். பொழுது போகாமல் ரோஜா வைத்தேன். ஆறு தொட்டியில் ஐந்து செத்தது. ஆறாவதை ஆடு தின்றது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் துரை பங்களாவின் மோட்டார் எங்கள் வீட்டு வழியாக வந்தது. துரைசானி நம் வீட்டுக்குத்தான் வருகிறாள் என்று நான் புடவையைச் சரி செய்துகொண்டு வாசலில் நின்றேன். மோட்டார் நிற்கவில்லை. நேராகக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போய்க் கடைசி வீட்டு வாசலில் நின்றது. துரைசானி இறங்கி, தலையை அண்ணாந்து பார்த்து, தனக்குத் தெரிந்த மலாயில் "பாகுஸ், பாகுஸ்", நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ராக்காயி, புல்லு வெட்டிய அழுக்குச் சேலையோடு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை.

கூரை விளிம்பு முழுக்கக் கொடிகள். பால் டப்பாவிலும், மண்ணெண்ணெய்த் தகரத்திலும், ரப்பர் பால் பிடிக்கும் உடைந்த மங்குகளிலும் தேங்காய் மட்டையும் கரித்துண்டும் போட்டு, அதில் வேர் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இலையும் தடிமனாக, எண்ணெய் தடவித் துடைத்தது போல் பளபளத்தது. ஒன்றில் வெள்ளிப் புள்ளி தெறித்திருந்தது. ஒன்றின் இலை காசு அளவு, இன்னொன்றுடையது உள்ளங்கை அளவு. நடுவில் கம்பி வளையத்தில் சுற்றிவிட்டிருந்த பெரிய கொடியில் பூ. குட்டிக் குட்டி நட்சத்திரங்களை மெழுகில் வார்த்துப் பந்தாகக் கட்டியது போல் இருந்தது. ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் ஒரு சொட்டுத் தேன். கிள்ளினால் ரப்பர் மாதிரி வெள்ளைப் பால் வடியுமாம். எல்லாரும் அதை மெழுகுக்கொடி என்றார்கள்.

"எங்க புடிச்சே இத?" என்று கேட்டேன்.

"காட்டுலதாம்மா. புதுத் தோட்டம் போட மரம் சாய்ச்சாங்கள்ல, அதுல உச்சாணிக் கொம்புல இருக்கும். மரம் வுழுந்தாத்தான் நம்ம கைக்கு எட்டும். தீ வைக்கிறதுக்கு முன்ன ஓடிப் போயி எடுத்துக்கணும். எறும்பு புடுங்கி எடுத்துரும், பாத்துக்குங்க" என்று முழங்கையைக் காட்டினாள். தடிப்புத் தடிப்பாக இருந்தது.

அவளுடைய கதை லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து புருஷன் உடையப்பனோடு கப்பலேறி வந்தவள். பிள்ளை இல்லை. ஹுத்தான் மெலிந்தாங் என்ற ஊரில் தென்னந்தோட்டத்தில் நல்ல சம்பளம், வீடு கிடைத்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உடையப்பன் போனான். வீடும் கிடைத்தது, அந்த வீட்டுக்கு வேறொருத்தியும் கிடைத்தாள். ராக்காயி ஒரு மாதம் யாரோடும் பேசவில்லையாம். பிறகு புதுத் தோட்டத்துக்குக் காடு வெட்ட ஆரம்பித்தார்கள், இவள் கொடி பொறுக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்தில் அவள் வாசலில் கூட்டம் கூடியது. வேலை விட்டு வந்து குளித்த பெண்கள் அங்கேதான் தலை ஆற்றினார்கள். கங்காணியின் மனைவிகூட அங்கே போய் உட்கார்ந்தாள். என் வீட்டுக்கு வர ஆளில்லை.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கும் அப்படி ஒரு கொடி வேண்டும், அது என் வீட்டு முகப்பில் பூக்க வேண்டும், மோட்டார் என் வாசலில் நிற்க வேண்டும். வேறு எதையும் நான் அந்த நாட்களில் நினைக்கவில்லை.

கேட்டேன். ராக்காயி கொஞ்சமும் யோசிக்கவில்லை. பெரிய கொடியிலிருந்து நல்ல இலையாக ஒன்றைக் கிள்ளி, காம்பில் வடிந்த பாலைச் சாம்பலில் தொட்டு, ஈர மட்டையில் சுற்றிக் கொடுத்தாள். "நட்டு வைங்கம்மா. வாடாது" என்றாள்.

வாடவில்லை. அதுதான் கொடுமை. ஒரு மாதத்தில் வேர் விட்டது. நான் அதற்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன், வெயில் காட்டினேன், நிழல் காட்டினேன். இலை பச்சையாக, பளபளவென்று அப்படியே நின்றது. துளிர் மட்டும் வரவே இல்லை. ஒரு வருஷம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. லயத்தில் விசாரித்தால் மாரியம்மா வீட்டிலும் ஒற்றை இலை, இருளாயி வீட்டிலும் ஒற்றை இலை. "அவ கைராசி நமக்கு எங்கம்மா வரும்?" என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

1927-இல் லயத்தில் காய்ச்சல் வந்தது. தண்ணீர் தேங்கும் டப்பா, சட்டிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அன்று என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டே நான் சொன்னேன்: "அந்த ராக்காயி வாசல்ல நாப்பது டப்பா தொங்குதே, அது யார் கண்ணுக்கும் தெரியலையா?"

அவள் டப்பா ஒவ்வொன்றிலும் அடியில் ஓட்டை உண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். மூன்றாம் நாள் மருந்து கொடுக்கும் டிரசர் கங்காணியோடு லயத்துக்குப் போனார். எல்லாவற்றையும் இரண்டு நாளில் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. கொடிகளை ரப்பர் மரத்தில் ஏற்றிவிடவும் வழியில்லை. மரத்தில் ஏறும் கொடியை அறுத்துப் போடுவதே அவளுடைய வேலை.

இரண்டாம் நாள் சாயங்காலம் லயத்துப் பின்னால் புகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் ராக்காயி என் வீட்டுப் படியில் வந்து நின்றாள். பெரிய கொடியைக் கம்பி வளையத்தோடு தலையில் தூக்கி வந்திருந்தாள். முகமெல்லாம் கரி.

"மத்ததெல்லாம் கொளுத்திட்டேம்மா. இத மனசு கேக்கல. கிராணி வீட்டுக்கு அந்தச் சட்டம் இல்லியாமே? உங்க கிட்ட இருக்கட்டும். டிரசரு மனசு மாறினா வந்து வாங்கிக்கிறேன்."

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். வாங்கி முகப்பில் மாட்டினேன். அவள் கண் சன்னலில் இருந்த என் ஒற்றை இலையின் மேல் விழுந்தது. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுல கொடி வராதும்மா. கணுவோட கிள்ளுனாத்தான் துளிர் வரும். வெறும் இலைய நட்டா வேர் வுடும், பச்சையா இருக்கும், அம்புட்டுதான்."

"தெரிஞ்சேவா குடுத்தே?"

"தெரிஞ்சுதான். எல்லாத்துக்கும் அப்படித்தான் குடுத்தேன். எல்லா வூட்டுலயும் பூத்துச்சுன்னா எவ என் வாசலுக்கு வருவா?" கண்ணைத் துடைத்தாள். கரி கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. "மன்னிச்சிருங்க. உங்களுக்கு மட்டுமாவது கணுவோட குடுத்திருக்கணும்."

அப்போது நானும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். டிரசரை அனுப்பியது யார் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஒரு இலைக்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்ற வைத்தாளே என்ற ஆத்திரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆறு வாரத்தில் கொடி பூத்தது. ஏழு கொத்து. சாயங்காலம் ஆனால் வீடு முழுக்க வாசனை. மோட்டார் என் வாசலில் நின்றது. துரைசானி என் முகப்பில், என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்ட தேத்தண்ணீரைக் குடித்தாள். நீ வளர்த்ததா என்று கையால் காட்டிக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரம் புல்லு வெட்டுகிற பெண்கள் வேலை விட்டு வேலிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ராக்காயியும் இருந்தாள். நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வந்த வெள்ளிக்கிழமை, நினைத்தது நடந்ததே என்று முருகன் படத்துக்கு ஏழு கொத்தையும் சாத்தினேன். சாமிக்கு வைப்பதைக் காம்போடு பறிப்பதுதானே எங்கள் வழக்கம். கத்தரிக்கோலால் அடிக்காம்போடு வெட்டினேன். படத்தில் முருகன் முகம்கூடத் தெரியவில்லை, அவ்வளவு பூ.

நாலு மாதம் கழித்து டிரசர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் மட்டையில் வளரும் செடிக்குத் தடையில்லை என்றார். அன்றே ராக்காயி வந்தாள். குளித்து, தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"கொடிய வாங்கிட்டுப் போலாம்னு வந்தேம்மா."

நான் ஊஞ்சல் பலகையிலிருந்து எழுந்திருக்கவில்லை. கொடி போனால் மோட்டார் போய்விடும், அவள் வாசலில் மறுபடி கூட்டம் கூடும். அது என் கண் முன்னால் வந்து நின்றது.

"இங்க ஊனிப் போச்சு ராக்காயி. இனி எடுத்தா செத்துப் போகும்லா" என்றேன். பிறகு எழுந்து போய், கொடியிலிருந்து ஒரு இலையை, ஒற்றை இலையை, கணு படாமல் பார்த்துக் கிள்ளினேன். அவள் கையில் கொடுத்தேன். "நட்டு வை. வாடாது."

அவள் இலையைத் திருப்பிக் காம்பின் அடியைப் பார்த்தாள். பால் சொட்டி அவள் விரலில் ஓடியது. கிராணியின் வீட்டு வாசலில் நின்று அவள் என்ன பேச முடியும்? நிமிர்ந்து கொடியைப் பார்த்தவள், பூ இருந்த இடங்களைப் பார்த்தாள்.

"காம்ப நறுக்கிட்டீங்களா?"

"சாமிக்கு வச்சேன்."

"அந்தக் காம்புலதாம்மா வருசா வருசம் திரும்பித் திரும்பிப் பூக்கும். பூவ உதுத்துட்டுக் காம்ப வுட்டுரணும்" என்று மெதுவாகச் சொன்னாள். இலையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

போகிற வழியில் வீசிவிடுவாள் என்று நினைத்தேன். வீசவில்லை. பெரிய கொடி தொங்கிய அதே ஆணியில் ஒரு பால் டப்பாவை மாட்டி, அதில் அந்த இலையை நட்டு வைத்தாள். பெண்கள் மறுபடி அங்கே உட்கார ஆரம்பித்தார்கள். கொடி இல்லை, பூ இல்லை, இருந்தும் போகிறார்கள். வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, இது என்ன என்று கேட்பார்களாம். அவள் கோபமில்லாமல் ஒரே பதில்தான் சொல்வாளாம்: "கிராணியம்மா குடுத்தது." லயத்தில் ஒற்றை இலைக்கு என்ன அர்த்தம் என்று இப்போது எல்லா வீட்டுக்கும் தெரியும். அவளே சொல்லிவிட்டாள், தான் செய்ததையும் சேர்த்து.

என் கொடி அதன் பிறகு பூக்கவில்லை. மோட்டாரும் நிற்பதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக எனக்கு லயத்து வழியை விட்டால் வேறு பாதை கிடையாது. கடைசி வீடு வரும்போது தலை நிமிராமல் நடப்பேன். இருந்தும் கண் அந்த ஆணிக்குப் போய்விடும்.

இரண்டு வருஷமாகிறது. அது வாடவில்லை.