கடற்கரை வீட்டை நான்தான் தேர்ந்தெடுத்தேன்

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து அனுப்பிவிட்டுச் செம்பனைக் காட்டுக்குள் இறங்கினால், நிரை நிரையாக நடந்து மத்தியானம்தான் திரும்புவார். பதினோரு வருஷத்துக்கு முன் எங்கள் மகன் ரந்தாவ் ரோட்டில் மோட்டரில் போய் லாரியில் அடிபட்டு இறந்தான். வயது பத்தொன்பது. அப்போதுகூட அந்த நடைதான் இவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து மனுஷன் நாற்காலியை விட்டு எழவில்லை. சர்க்கரை ஏறியது, கால் வீங்கியது. "இப்படியே உக்காந்திருந்தா ரொம்ப நாள் தாங்காதும்மா, எப்படியாவது நடக்க வைங்க" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கெஞ்சினேன். திட்டினேன். சோறு போடமாட்டேன் என்று மிரட்டியும் பார்த்தேன்.

"எங்க நடக்கச் சொல்ற? பெரட்டா இருக்கு?" என்பார்.

தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. மகள் சிரம்பானில் எட்டாவது மாடியில் இருக்கிறாள். "எங்களோட வந்துடுங்கம்மா" என்றாள். எட்டாவது மாடியில் இவரை உட்கார வைத்தால் அதோடு கதை முடிந்தது. நான் கடலோரமாகப் போர்ட்டிக்சன் என்றேன். அங்கே என்னைவிட மூத்த சீனக் கிழவர்கள் அரைக்கால் சட்டையோடு சைக்கிள் மிதிப்பதையும், கடலில் குளித்துவிட்டுத் தலை துவட்டுவதையும் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படி ஆகிவிடுவார் என்று ஒரு நப்பாசை.

மூன்றாவதாகப் பார்த்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் மணல். சவுக்கு மரங்கள், காற்று, கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அலைவரைக்கும் ஓடினேன், அறுபது வயதில்! திரும்பிப் பார்த்தால் இவர் முன்வாசலிலேயே நிற்கிறார்.

"எப்படிங்க இருக்கு?"

"ஒனக்குப் புடிச்சிருந்தா சரி லா."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குடிவந்து இரண்டு மாதமாகியும் இவர் பின்கதவைத் தாண்டவில்லை. நாற்காலியைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. "சாகறதுக்குத்தான் வந்தீங்களா? புள்ளையத்தான் வாரிக் குடுத்தாச்சு. நீங்களும் போயிட்டா நான் யார் மூஞ்சியப் பாக்கறது?" என்று கத்தினேன்.

"இங்கதான் அவன விட்டோம்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் மகனின் சாம்பலைச் சொல்கிறார் என்று புரிந்தது. எங்கள் தோட்டத்தில் சாம்பல் கரைக்க ஆண்கள் மட்டுமே போவார்கள். நாங்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் காத்துக் கிடப்போம். வேனில் போனார்கள், ஈர வேட்டியோடு வந்தார்கள், "கடல்ல விட்டாச்சு" என்றார்கள். எந்தக் கரை என்று நான் கேட்கவில்லை. எந்தப் பொம்பளை கேட்டாள்?

"பாவி மனுஷா, வீடு பாக்க வந்த அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீ சிரிச்சுக்கிட்டு ஓடுன. அவன் போனதுக்கப்புறம் நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

பின்கதவைத் திறந்து நடந்தேன். மூச்சு வாங்க வாங்கப் பின்னாலேயே வந்தார். எந்த இடம் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். கைலியோடு தண்ணீருக்குள் இறங்கினேன். இடுப்புவரை வந்துவிட்டது. "போதும் வா, போதும் வா லா" என்று அலறிக்கொண்டு அவரும் இறங்கி என் கையைப் பிடித்து இழுத்தார். வந்ததிலிருந்து அவர் நடந்தது அன்று ஒரு நாள்தான்.

விஷயம் தெரிந்ததும் மகள் சிரம்பானிலிருந்து காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "இங்க வேணாம்மா. அப்பா தாங்கமாட்டாரு. இன்னைக்கே கெளம்புங்க." இவர் எழுந்து சட்டையைக்கூட மாட்டிவிட்டார்.

"பெத்தவள வீட்டுல நிறுத்திட்டு அவன இங்க கொண்டாந்து விட்டீங்க. இப்பத்தான் எம்புள்ள இருக்கற எடத்துக்கு வந்து சேந்திருக்கேன். நான் வரல. நீங்க போங்க" என்றேன்.

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வீக்கம் இப்போது முழங்காலுக்கு ஏறிவிட்டது. இங்கே இருந்தால் இவர் பிழைக்கமாட்டார். நான் கிளம்பினால் அந்த நிமிஷமே இவரும் கிளம்பிவிடுவார், அதுவும் எனக்குத் தெரியும். மகள் தினமும் போனில் அழுகிறாள். அப்படியும் நான் கிளம்பவில்லை.