ஆறு மணி வரைக்கும் அவர் பாடினார்

பிரச்சாரத்தின் கடைசி நாள் காலையில், செத்துப்போன என் வீட்டுக்காரர் எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டுக்கொண்டு போனார்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து அவர் குரல். கத்தியைப் போட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி ஓடினேன். அதற்குள் ஆட்டோ பெங்களூர் ரோட்டில் ஏறிவிட்டது. பாழாய்ப்போன மனுஷன், போய் இரண்டு வருஷம் ஆகிறது, இப்படியா வந்து கூப்பிடுவார்?

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. சனி, ஞாயிறானால் மெல்லிசைக் கச்சேரி. போன தேர்தலில் எங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவருக்குப் பிரச்சாரப் பாட்டு பாடிக் கொடுத்தார். ஸ்டுடியோவுக்குப் போகும் முன்னால் ஒரு வாரம் வீட்டில் அதே பாட்டுதான். நான் விடுவேனா? "யோவ், சும்மா இருய்யா! வாய மூடு, தல வலிக்குது" என்று அடுப்படியிலிருந்து கத்துவேன். சிரித்துக்கொண்டே அடுத்த அடியை எடுப்பார். பாடியதையெல்லாம் என் போனுக்கு அனுப்புவார். மெமரி ஃபுல் என்று ஒன்றுவிடாமல் அழித்தவள் நான்தான். அவர் போன பிறகு தேடிப் பார்த்தால் போட்டோ எக்கச்சக்கமாக இருக்கிறது, குரல் ஒன்றுகூட இல்லை.

தெருமுனை டீக்கடைக்காரரிடம் அந்த ஆட்டோ எங்கே போகிறது என்று கேட்டேன்.

"நசரத்பேட்டைல சாயங்காலம் மீட்டிங்கு கீதுக்கா, எல்லா வண்டியும் அங்கதான் போவுது. ஆறு மணியோட பிரச்சாரம் முடியுது. அப்பால பாட்டு கீட்டு ஒண்ணும் கெடயாது."

ஆறு மணிக்குள் அந்தக் குரலைப் பிடித்தாக வேண்டும். சமையலாவது சாப்பாடாவது, போனை முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. ஹைவே ஓரக் காலி மனையில் சிவப்பு நாற்காலிகள், வேனில் அழைத்துவந்த பெண்கள், எல்லார் தலையிலும் அட்டைத் தொப்பி. தலைவர் வரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க மேடையில் கச்சேரி. ஒரு இளம் பாடகர் கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார். அவர் குரலுக்கு அடியில், ஸ்பீக்கரில், என் வீட்டுக்காரரும் பாடிக்கொண்டிருந்தார். பழைய பதிவை ஓடவிட்டு அதன்மேல் பாடுவது இவர்கள் வழக்கம். மேடையில் மூச்சு வாங்கினாலும் பாட்டு அறுந்துபோகாது. அதே வேட்பாளர்தான், இந்த முறை கட்சி தாவிவிட்டார். அதனால் பதிவில் வேட்பாளர் பெயர் வரும் இடத்தில் என் வீட்டுக்காரர் குரல், சின்னம் வரும் இடத்தில் மட்டும் வெட்டி ஒட்டிய வேறு யாரோ ஒருவர் குரல். அந்த இடம் வரும்போதெல்லாம் யாரோ என் வீட்டுக்காரர் வாயைப் பொத்தியதுபோல் இருந்தது.

மேடைக்குப் பின்னால் போனேன். கீபோர்டு வாசிப்பவர் என் வீட்டுக்காரரோடு பல வருஷம் வாசித்தவர், என் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவர்.

"அண்ணி! நீங்களா?" என்று எழுந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்தப் பாட்ட எனக்குக் குடுப்பா."

"எங்க கைல இல்ல அண்ணி. பென் டிரைவ் வேட்பாளர் ஆபீஸோடது. அதோ நிக்கிறாரே வெள்ள சட்ட, ஆறு மணிக்கு உருவிக்கினு போய்டுவாரு. கேட்டாலும் தரமாட்டாரு."

"அப்ப பாடுறவர ஒரே ஒரு தடவ வாய மூடச் சொல்லு. நான் போன்ல புடிச்சிக்கிறேன்."

அவர் போய்ப் பாடகரின் காதில் ஏதோ சொன்னார்.

கடைசியாக அந்தப் பாட்டு மறுபடி வந்தபோது ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். பாடகர் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். மைதானம் முழுக்க என் வீட்டுக்காரர் குரல் தனியாக வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகும் முன் மூக்கால் சின்னதாக மூச்சிழுப்பாரே, அதுகூட வந்தது. "இன்னா வாய்ஸ்பா!" என்றார் பின்னால் ஒருவர். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. திறந்து மூடுவது யாரோ ஒருவருடைய வாய், வெளியே வருவது என் மனுஷனுடைய மூச்சு. பயமாக இருந்தது. இரண்டு படி ஏறினால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றும் இருந்தது. கூட்டம் இடித்துவிடப் போகிறதே என்று போனை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா தலைவரின் வேன் வர வேண்டும்? பட்டாசு, விசில், கோஷம். எனக்கு வந்ததே கோபம்! திரும்பி நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. பாட்டு முடிந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் பென் டிரைவை உருவிக்கொண்டு போனார்.

அந்த வேட்பாளர் தோற்றுவிட்டார். ஒரு வாரம் கழித்து வெள்ளைச் சட்டைக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "அத அழிச்சிட்டு மச்சினி கல்யாண வீடியோ ஏத்திட்டனேக்கா" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் மட்டும் என்ன செய்தேனாம்?

மீட்டிங் முடிந்து வந்த அன்றே, கதவைச் சாத்திக்கொண்டு போனில் பிடித்ததைப் போட்டுக் கேட்டிருந்தேன். முதல் அடி பளிச்சென்று இருக்கிறது. மூச்சிழுப்பதுகூடக் கேட்கிறது. அதற்குப் பிறகு பட்டாசுச் சத்தம்கூட அவ்வளவாக இல்லை. போன் என் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

"யோவ், சும்மா இருய்யா! வாய மூடு! வாய மூடுய்யா!"

பாட்டு முடிகிறவரை அதுதான். அவர் பாடி முடித்த பிறகும் நான் கத்திக்கொண்டிருக்கிறேன்.