ஜமுர்ருத்தின் வெற்றிலைச் செல்லம்

ஜமுர்ருத் பேகத்துக்கு ஆண்டவன் ஒரு குரலைக் கொடுத்தான், கூடவே ஒரு பயத்தையும் கொடுத்தான். அவள் கஜல் பாடும் குரல் லாகூர் முழுக்கத் தெரியும். பயம், இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து தபலா வாசித்த எனக்குத்தான் தெரியும்.

பாடுகிறவர்களின் வெற்றிலையில் செந்தூரத்தை வைத்துக் கொடுத்துவிட்டால் தொண்டை அதோடு தீர்ந்தது என்பது எங்கள் வட்டாரத்து நம்பிக்கை. அவளுடைய சித்தியின் குரல் அப்படித்தான் போனதாம். அதனால் கச்சேரிக்குத் தண்ணீர்கூட வீட்டிலிருந்துதான் வரும். வெள்ளிச் செல்லம் மடியில், சாவி கழுத்தில். சுண்ணாம்பு, பாக்கு, வாசனைப் புகையிலை எல்லாம் தானே வைத்து மடித்து, விடிந்ததிலிருந்து படுக்கும் வரை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். பாட மட்டும்தான் துப்புவாள்.

முல்தானில் ஒரு ஜமீன் வீட்டுக் கல்யாணம். அன்று அவளோடு பாட வந்திருந்த இளம் பாடகி நிகத், சபை நடுவே வெற்றிலைத் தட்டை நீட்டினாள்.

"ஆபா, என் கையால ஒண்ணு எடுத்துக்கோங்க."

"உன் கையாலயா? என் தொண்டை மேல எத்தனை நாளாடி கண்ணு?"

சபை சிரித்தது. நிகத்தின் முகம் செத்துப்போனது. வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"என் வீட்டுத் தட்டு அது, பேகம் சாஹிபா."

மறுக்க வழியில்லை. ஒன்றை எடுத்து மென்றாள். அதே தட்டில் நானும் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். அன்று அவள் பாடியதைக் கேட்டு கல்யாணப் பெண்ணே அழுதாள்.

அந்தக் குளிர்காலத்தில் குரல் கம்மியது. பிறகு காதுக்குள் வலி. "நிகத் வெச்ச செந்தூரம்தான்," என்றாள், போகிற இடமெல்லாம். யாரும் நிகத்தைக் கூப்பிடுவதில்லை என்றானது. அவள் பாட்டை விட்டுவிட்டுக் கராச்சிக்குப் போனாள்.

"நானும்தானே தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே. டாக்டர்கிட்ட காட்டுவோம்," என்றேன்.

"உன் குரலுக்கு எவன்யா செந்தூரம் வைப்பான்? டாக்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும்? நீ தபலாவைத் தட்டு."

ஹக்கீமின் கஷாயம், தர்காவின் தண்ணீர், எதுவும் கேட்கவில்லை. வலி மரத்துப்போக, புகையிலையைக் கூட்டினாள். கைக்குட்டையில் எப்போதும் வெற்றிலைச் சிவப்பு இருந்ததால், அதில் ரத்தமும் கலந்திருந்தது ரொம்ப நாள் எங்கள் கண்ணில் படவில்லை.

கடைசியில் வானொலி நிலையத்தில் மேல் ஸ்வரத்தில் குரல் கிழிந்து, அவள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் வாயையும் தொண்டையையும் பார்த்தார். செல்லத்தைத் திறக்கச் சொன்னார். புகையிலைச் சிமிழை எடுத்துத் தனியாக வைத்தார்.

"தொண்டையில புற்று. இதாலதான். இனி குரல்வளையை எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

அவள் சிமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் தொடவிடாமல் பூட்டி வைத்த பெட்டி!

"கராமத், அப்போ முல்தான்ல அவ கொடுத்ததுல ஒண்ணுமே இல்லையா?"

"ஏலக்காயும் குல்கந்தும்தான்."

"அவளைக் கூட்டிட்டு வா. என் குரல் போறதுக்குள்ள சொல்லணும்."

நிகத்துக்குச் சொல்லியனுப்பினேன். ஆபரேஷனைத் தள்ளிப்போட டாக்டர் ஒப்பவில்லை. நிகத் வந்து சேர்ந்தபோது ஜமுர்ருத்தின் கழுத்தில் கட்டு இருந்தது.

"என்னைக் கூப்பிட்டீங்களாமே, ஆபா."

ஜமுர்ருத் வாயைத் திறந்தாள். காற்றுகூட வாய்வழியே வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"மன்னிப்புக் கேட்கத்தாம்மா கூப்பிட்டாங்க," என்றேன்.

"நீங்க சொல்லாதீங்க, கராமத் பாய். அன்னைக்குச் சபையில அவங்க வாயாலதானே சொன்னாங்க? இதுவும் அவங்க வாயாலயே வரட்டும்."

நிகத் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.