ஷிப்ட் அழுத்திப் போட்ட திருநீறு

மவுஸைப் பிடித்துக் கோடு போட்டவர்களுக்குத் தெரியும், கை எவ்வளவு மானங்கெட்டது என்று. நேராகப் போவதாக நினைத்து இழுப்போம். திரையில் மண்புழு நெளியும். தஞ்சாவூரில் ஃப்ளெக்ஸ் பேனர் வந்த புதிதில் ஒரு கடையில் டிசைன் வேலையில் இருந்தேன். படத்தின் மேல் பெயிண்ட் செய்யும் சாஃப்ட்வேரில், ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே மவுஸை இழுத்தால் கோடு இம்மியும் பிசகாமல் நேராகப் போகும் என்பதை யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்தேன். அப்புறம் என் அலட்டல் தாங்கவில்லை. கல்யாண பேனரோ கட்சி பேனரோ, நாலு கோடு போடாமல் விடமாட்டேன். ஸ்கேலை முழுங்கியவன் என்று முதலாளி கேலி செய்வார். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது.

ஒரு நாள் காலை திருவையாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த அவருடைய அண்ணன் அங்கேயே இறந்துபோயிருந்தார். உடல் திருச்சிக்கு விமானத்தில் வந்து, மாலைக்குள் ஊர் சேரும். நாளாகிவிட்டதால் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஊர் பார்க்க ஒரு முகமாவது வேண்டும், பெரிதாக ஒரு பேனர் போட்டுக் கொடுங்கள் என்று பாஸ்போர்ட் போட்டோவை நீட்டினார். நெற்றி வெறுமையாக இருந்தது. பிள்ளையை வெறும் நெற்றியோடு வைக்கக் கூடாது, திருநீறு போடச் சொல் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் முஸ்லிம். திருநீற்றைக் கையால் தொட்டதில்லையே தவிர, பார்த்த நெற்றிகளுக்குக் கணக்கில்லை. எங்கள் அத்தாவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பட்டையோடுதான் வருவார்கள். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். வெள்ளை நிறத்தை எடுத்து, ஷிப்ட்டை அழுத்தி, இந்தக் காதோரத்திலிருந்து அந்தக் காதோரம் வரை மூன்று இழுப்பு இழுத்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. வந்தவர் அழுது வீங்கிய கண்ணோடு திரையைப் பார்த்து, சரிங்க என்றார். அவர் எங்கே பார்த்தார்? பார்த்திருக்க வேண்டியவன் நான்தான்.

பேனர் கட்டும் ஆட்கள் வேறு வேலையாகப் போயிருந்ததால் நானே வண்டியில் எடுத்துப் போனேன். தெருமுனையில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டி முடித்து, எட்ட வந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் தப்பு தெரிந்தது. மனிதருடைய நெற்றி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கியிருந்தது. என் கோடுகள் அதைக் கொஞ்சமும் மதிக்காமல், கோடு போட்ட நோட்டில் இருப்பதைப் போல, விறைப்பாக ஓடி இரண்டு காதோரமும் முடிக்குள் ஏறியிருந்தன. கூடியிருந்தவர்கள் பேனரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். வெகுநேரம் அவர் அந்த நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது யாரு பூசுனது?"

உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. நான்தாம்மா என்று சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. வெளிநாட்டுக்குக் கிளம்பின அன்றைக்கும் இந்தக் கையால்தான் பூசிவிட்டேன் என்று பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னார். வீட்டிலிருந்து திருநீறும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, உள்ளங்கையில் குழைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினார். ஓடிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான். முகம் பெரிதாக இருந்ததால் மூன்று விரல்களும் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டியிருந்தது. ஈரத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் காயக் காய வெளுத்து வந்தது, நெற்றியின் வளைவோடு வளைந்து, ஓரத்தில் கொஞ்சம் மங்கி. அதற்கு இரண்டு பக்கமும் என் கோடுகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவர் இறங்கியதும், இதை அவிழ்த்துவிடுகிறேன், பெட்டி வருவதற்குள் வேறொன்று ஒழுங்காகப் போட்டுக் கொண்டுவந்து கட்டிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். ஈரக்கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி. பெட்டியத் தொறக்க விடமாட்டாங்களாம். எனக்குப் பூசக் கெடைச்ச நெத்தி இது ஒண்ணுதான்."

கருமாதி வரைக்கும் பேனர் அந்தத் தெருமுனையில்தான் நின்றது, என் கோடுகளோடு.