சித்தியின் அல்பமும் அம்மாவின் கல்யாணியும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஓர் அல்பம் பிறந்தது. சும்மா அல்பம் இல்லை. ஜாஸும் ரொக்கும் கர்நாடக ராகமும் ஒரே சட்டிக்குள் கொதித்த அல்பம். எழுதியது, இசையமைத்தது, பாடியது எல்லாம் என் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. ட்ரம்ஸ்காரர் ஏழு ஏழாக அடிப்பார், சாக்ஸபோன்காரர் ஐந்து ஐந்தாக ஊதுவார். இரண்டும் எங்கெங்கோ ஓடித் திரிந்துவிட்டு ஒரே அடியில் வந்து விழும்போது எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். "காலி வீதியிலை ரெண்டு பஸ் போட்டிக்கு ஓடுறமாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விடுவார்.

அம்மா வீட்டில் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர். ஹோலில் பிள்ளைகள் பாட, அவர் குசினியில் கறி வைத்தபடியே "பிழை, திருப்பிப் பாடு" என்று குரல் கொடுப்பார். சித்திக்கும் ஐந்து வயதில் சரளிவரிசை தொடக்கிவைத்தது அவர்தான். அல்பத்தின் கடைசிப் பாட்டில் அம்மா கல்யாணி ராகம் பாடியே ஆகவேண்டும் என்று சித்தி ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவா மசிகிற ஆள்!

"உன்ரை அடிதடிக்குள்ளை நான் பாடுறதோ? என்னட்டைப் படிக்கிற பிள்ளையள் கேட்டால் என்ன நினைக்கும்? போடி."

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா மேடை ஏறியதே இல்லை. அக்காவின் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு வேண்டாம் என்று சித்தி அழாக்குறையாகச் சொல்லித் திரிந்தார். அதற்குள் எங்கள் ஹோலில் ஒலிப்பதிவு செய்யக் கிடைத்த கடைசிச் சனிக்கிழமையும் வந்துவிட்டது. வாத்தியக்காரர் இருவருக்கும் மாலைதீவு ஹோட்டல் ஒன்றில் வேலை. அன்று பின்னேரமே விமானம்.

"சரி, நானே பாடுறன்" என்றார் சித்தி. பாவம், மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அன்றைக்குப் பதிவு முடியும்வரை ஊரை அமைதியாக வைத்திருப்பது என் பொறுப்பு. பெரிய உத்தியோகம்! ஜன்னல்களுக்கு மெத்தை சாத்தியாயிற்று. கடற்கரை ரயில் போய் முடிந்ததைப் பல்கனியில் நின்று பார்த்துச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துக் கீழே ஒழுங்கைக்குள் பாண் விற்கிற ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது. லிப்டுக்குக்கூடக் காத்திராமல் படியால் ஓடினேன்.

"அங்கிள், பொட்டக் சத்தே நவத்தன்ன" என்று, சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். அவர் சிரித்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார். கையில் முதலை மாதிரி நீண்ட ஒரு கிம்புலா பனிஸும் தந்தார். மூச்சு வாங்க மேலே வந்து கதவைச் சாத்தினேன். வெள்ளவத்தையே என் கைக்குள் இருந்தது!

தொடங்கினார்கள். அப்பப்பா, அப்படி ஒருநாளும் வாசித்ததில்லை. அந்த இரைச்சலுக்கு மேலே சித்தியின் கல்யாணி எழும்பியது. திடீரென்று, ஐயையோ, மத்திமம் பிழைத்துவிட்டது. கல்யாணியில் வரவே கூடாத மத்திமம். எனக்கே தெரிந்தது. சித்தி அந்த இடத்தைத் திரும்பப் பாடினார், திரும்பவும் பிழை. மூன்றாம் தரமும் அதே பிழை. வாத்தியங்கள் மெல்ல மெல்ல அடங்கிப்போயின.

"அடியே, அது சுத்த மத்திமம்! கல்யாணிக்குப் பிரதி மத்திமமடி! இஞ்சை கேள்!"

குசினியிலிருந்து அம்மா. கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருக்க வாசலில் வந்து நின்று பாடிக் காட்டத் தொடங்கினார். காட்டியவர் நிறுத்தவில்லை. ராகம் மேலே மேலே போனது. சாக்ஸபோன் பயந்து பயந்து பின்னால் போனது. ட்ரம்ஸ்காரர் விரல்களால் தட்டினார். நான் போக்குவரத்துப் பொலிஸ் மாதிரி இரண்டு கையையும் வீசி அம்மாவை நிறுத்தப் பார்த்தேன். யார் கவனித்தார்கள்?

முடிந்ததும் நான் ஓவென்று அழுதேன். "எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்கள் அம்மா!"

சித்தி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைவிடப் பெரிதாக அழுதார். கடைசி வாய்ப்பும் போன துக்கம் என்று நினைத்து எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அம்மாவோ கையை உடுப்பில் துடைத்தபடி, "தொண்டை கொஞ்சம் கரகரத்தது. இன்னொருக்கா எடுப்பமோ?" என்று கேட்டார்.

"வேண்டாமக்கா. இதுவே காணும்."

வகுப்பில் ஒரு சுரம் பிசகினால் பத்துத்தரம் பாடவைக்கிற அம்மா, மூன்று தரம் பிழைவிட்ட தங்கையை ஒரு சொல்கூட ஏசவில்லை. அந்த அநியாயத்தை அப்பா வேலையால் வந்ததும் வராததுமாக முறையிட்டேன்.

"சித்திக்குக் கல்யாணி மறந்துபோச்சு அப்பா."

"ஆருக்கு? உன்ரை சித்திக்கோ?" என்று அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்; தோள் மட்டும் குலுங்கியது. பிறகு இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவர் பாட்டை மறந்ததில் அப்படி என்ன சிரிப்பு என்று கோபித்துக்கொண்டு, சித்திக்காக நான் அன்று சாப்பிடவே இல்லை.