எழுதலாம் என்று போட்ட டிக்

அன்றைக்குக் கடையில் இருந்தது நாலு பேர். நான், ஜெராக்ஸ் மெஷினில் என் மனைவி, கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்த ஒரு அம்மா, புதுத் தாலியோடு அவர் மகள்.

கீரனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸும் ஆல்பமும் போடுகிற என் கடை. போட்டோகிராபர் படங்களை ஒரே ஜிப் ஃபைலாகச் சுருக்கிப் பென் டிரைவில் கொடுத்துவிட்டுத் தன் மெமரி கார்டைத் துடைத்துவிட்டார். வழக்கமாக ஜிப்பைப் பிரித்து ஒரு நகல் எடுப்பேன். வீட்டார் "வேணாம்" என்கிற படங்களை அந்த நகலில் அழிப்பேன். மிஞ்சுவது ஆல்பம். அசல் ஜிப்புக்குள் கிடக்கும்.

அன்றைக்குக் கம்ப்யூட்டரில் இடமில்லை. பென் டிரைவில் இருந்த ஜிப்பைப் பிரிக்காமலே தனி டிரைவ் போலத் திறந்து காட்டும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டேன். அது இங்கிலீஷில் ஏதோ கேட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். 'ரைட்' என்பது மட்டும் புரிந்தது. எழுதுவதுதானே, படத்துக்கு அடியில் பெயர் எழுத வேண்டிவருமே என்று டிக் போட்டேன். பூட்டிய ஷட்டரைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறவன் நான். அன்றைக்கு வைரஸ் வந்துவிடுமோ என்று மட்டும்தான் பயந்தேன்.

"எங்க அண்ணன் நிக்கிற படம் ஒண்ணும் வேணாம் தம்பி" என்றார் அந்த அம்மா. "சீர் செஞ்சுட்டு சபையில சொல்லிக்காட்டுனாருல்ல."

"தாய்மாமன் இல்லாம ஆல்பமாம்மா?" என்றாள் மகள்.

"ஏன், ஒங்க மாமன் மூஞ்சியப் பாக்காட்டி ஒனக்குச் சோறு எறங்காதோ?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அழுவாத பாப்பா, ஜிப்புக்குள்ள பத்திரமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டேதான் அழித்தேன்.

ஆல்பம் அச்சாகி வந்தபோது அண்ணனும் தங்கையும் ராசியாகியிருந்தார்கள். மூவருமாகவே வந்தார்கள்.

"அண்ணன் சீர் தூக்குன படம் ரெண்டு தாள் சேத்துருங்க தம்பி."

ஜிப்பைத் திறந்தேன். இல்லை. மூடித் திறந்தேன். இல்லை. நகலென்று நான் நினைத்த டிரைவும் ஜிப்பும் ஒன்றேதான். எழுத விட்ட இடத்தில் அழிக்கவும் விட்டிருக்கிறேன். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். மாமன் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஊரே இருக்கு, நான் மட்டும் இல்ல. அழிக்கறதுக்குத் தனியாக் காசு குடுத்தியாத்தா?"

"ஆல்பத்துலதாண்ணே வேணாம்னேன்..."

"அப்ப, வேணாம்னு சொன்னது நெசந்தான்?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. தங்கை "அண்ணே, அண்ணே" என்று பின்னாலேயே ஓடினார். மகள் மட்டும் நின்றாள்.

"பத்திரமா இருக்கும்னு சொன்னீங்களேண்ணே."

திருச்சியில் அழிந்த படங்களை மீட்கிற ஒரு கடையில் பென் டிரைவைக் கொடுத்துத் தேடச் சொன்னேன். ஒரு வேட்டிக் கரையும் தாம்பாளத்தின் விளிம்பும் கிடைத்தன. மீதியெல்லாம் வெறும் சாம்பல் நிறக் கட்டம். மாமன் அதற்குப் பிறகு தங்கை வீட்டுப் படி ஏறவில்லை என்கிறார்கள். ஆல்பம் என் கடையிலேயே கிடக்கிறது. பாக்கி கேட்டுப் போன் பண்ண மனசு வரவில்லை, அந்தப் பெண்ணே எடுத்துவிடுவாளோ என்று. பேசியது பதினாலாயிரம், அட்வான்ஸ் ஐயாயிரம், பாக்கி ஒன்பதாயிரம்.